எழுபது வயதில் ஓவியரானவரா ஆல்மா தாமஸ்?

கரிக்கோல் எழுதியது:

அமெரிக்க ஓவியர் ஆல்மா தாமஸைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே வாக்கியம்தான் முதலில் வந்து நிற்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார், எழுபது வயதை ஒட்டித் தூரிகையை எடுத்து, 1972-இல் தம் எண்பதாவது வயதில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி கண்ட முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார் என்பது அந்த வாக்கியத்தின் சாரம். விட்னி பற்றிய பகுதியில் எனக்கு ஐயமில்லை. 'எழுபது வயதில் தூரிகையை எடுத்து' என்ற பகுதிதான் உறுத்துகிறது.

அவர் 1891 செப்டம்பர் 22 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் நான்கு பெண்களில் மூத்தவராகப் பிறந்தார். தாயார் அமீலியா ஆடை வடிவமைத்துத் தைப்பவர். தந்தையார் வணிகம் செய்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே மேற்படிப்புக்கு வழியில்லை. 1906-இல் அட்லாண்டாவில் கறுப்பின மக்கள்மீது நடந்த வன்முறை வேறு. அடுத்த ஆண்டே குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து, 15-ஆவது தெருவில் ஒரு வீட்டை வாங்கியது. பதினைந்து வயதில் அந்த வீட்டுக்குள் நுழைந்த ஆல்மா, 1978-இல் இறக்கும்வரை அதையே தம் வீடாகக் கொண்டிருந்தார். ஆம்ஸ்ட்ராங் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் கிடைத்தது ஆசிரியர் பயிற்சியும், டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் மழலையர்க்குக் கற்பிக்கும் வேலையும்தான்.

அவர் 1921-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மனையியல் படிக்கத்தான் சேர்ந்தார். ஜேம்ஸ் ஹெரிங் அங்கே புதிதாக ஓவியத்துறை ஒன்றைத் தொடங்கியிருந்தார். இவரைத் தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். அத்துறையிலிருந்து 1924-இல் முதன்முதலாகப் பட்டம் பெற்று வெளிவந்தவர் ஆல்மா தாமஸ். முப்பத்திரண்டு வயதில் முறையாக ஓவியம் பயின்று பட்டம் பெற்ற ஒருவரை, எழுபது வயதில் ஓவியரானவர் என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்? இந்த உரையாடல் இழையின் தலைப்பை இதற்காகவே கேள்வியாக வைத்தேன்.

நிழற்கோடு எழுதியது:

பட்டம் பெறுவதும் ஓவியராவதும் ஒன்றல்ல என்பதைக் கரிக்கோல் அறியாதவர் அல்லர். ஆல்மா தாமஸ் 1960-இல் ஓய்வு பெற்ற அன்றே இறந்திருந்தால், இன்று இந்த இழையே இருந்திருக்காது. அதுவரை அவர் வரைந்தவற்றில் கிடைப்பவை நீர்வண்ணக் காட்சிகள், மேசைமேல் வைத்த பொருள்களின் ஓவியங்கள், பிற்பகுதியில் அருவ ஓவிய முயற்சிகள். அவை நேர்த்தியானவைதாம்; ஆயினும் ஆல்மா தாமஸ் என்றதும் நம் கண்முன் வரும் ஓவியங்கள் அனைத்தும் 1960-க்குப் பிற்பட்டவை என்பதை மறுக்க முடியாது.

எனவே எழுபது வயது என்பதில் பொய்யில்லை. எனக்குப் பிடிக்காதது அதைச் சொல்லும் தொனி. ஏதோ அவர் பொறுமையாகக் காத்திருந்து தக்க நேரத்தில் மலர்ந்ததுபோல் எழுதுகிறார்கள். வாஷிங்டன் பள்ளிகள் 1954 வரை நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. அந்த நகரில் 1924-இல் ஓவியப் பட்டம் பெற்ற ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் தரக்கூடிய வேலை, கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளியில் ஆசிரியப் பணி ஒன்றுதான். ஷா நடுநிலைப் பள்ளியில் அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தது விருப்பத்தாலா, வேறு வழியின்மையாலா என்று கேட்காமல், 'தாமதமாக மலர்ந்தவர்' என்று பாராட்டுவது கதவைப் பூட்டியவர்களுக்குச் செய்யும் மரியாதையாகவே முடியும். அந்தப் பணி அவருடைய முப்பத்தைந்து ஆண்டுகளைத் தின்றுவிட்டது என்று நேராகவே சொல்லலாம்.

வண்ணப்பெட்டி எழுதியது:

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளியில் ஓவியம் கற்பிப்பவள். நிழற்கோடு சொல்வதில் பாதியை என் கையே ஒப்புக்கொள்ளும். நாளுக்கு ஆறு வகுப்புகள். கணக்குப் பாடம் முடியவில்லை என்று என் வகுப்பைக் கடன் வாங்கிப் போகும் சக ஆசிரியர்கள். மாலையில் வீடு திரும்பினால் தூரிகையைக் கழுவவும் மனம் வராது. எனக்கென்று ஒரு படமும் வரையாமல் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கழிந்திருக்கின்றன. ஆகவே ஆசிரியப் பணி ஓவியரை வளர்க்கிறது என்று யாரேனும் மேடையில் பேசினால் நான் கைதட்ட மாட்டேன்.

ஆனால் 'தின்றுவிட்டது' என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கோடை விடுமுறைதோறும் படித்து 1934-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள், நூல் கட்டி ஆட்டும் பாவைக் கூத்து. அடுத்த ஆண்டு கோடையில், பாவைக்கலையில் பெயர்பெற்ற டோனி சார்கிடம் நியூயார்க்கில் பயிற்சி பெற்றார். வாஷிங்டனின் பெரிய நாடக அரங்குகளுக்குள் கறுப்பினக் குழந்தைகள் பார்வையாளர்களாகக்கூட நுழைய முடியாதிருந்த காலத்தில், பாவைகளைச் செய்து, ஆடை தைத்து, அந்தக் குழந்தைகளுக்காகவே அவர் கூத்து நடத்தினார். 1936-இல் பள்ளிக் கலைக் கழகம் ஒன்றைத் தொடங்கிப் பிள்ளைகளை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் சென்றார். 1938-இல் தம் பள்ளியிலேயே ஒரு கலைக்கூடம் அமைத்தார்; அந்நகரின் அரசுப் பள்ளிகளில் அதுவே முதலாவது.

தம் பள்ளிக்கு அப்பாலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஹெரிங்கும் அலோன்சோ ஏடனும் 1943-இல் தங்கள் குடியிருப்பிலேயே பார்னெட்–ஏடன் கலைக்கூடத்தைத் திறந்தபோது, அதன் துணைத் தலைவராக இருந்தவர் ஆல்மா தாமஸ்தான். நகரமே நிறத்தால் பிளவுண்டு கிடந்த நாளில், கறுப்பின ஓவியர்களின் படங்களும் வெள்ளையர்களின் படங்களும் அந்த வீட்டில் ஒரே சுவரில் தொங்கின. ஹோவர்டில் கற்பித்துக்கொண்டிருந்த ஓவியர் லோயிஸ் மெய்லூ ஜோன்ஸும் செலின் தபாரியும் நடத்திய 'சின்னப் பாரிஸ்' குழுவிலும் அவர் கலந்துகொண்டு வரைந்தார். நல்ல ஓவியங்கள் எவை, யார் என்ன செய்கிறார்கள், நிறம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் இருபது ஆண்டுகள் அருகிலிருந்து கவனித்த ஒருவர், ஓய்வு பெற்ற மறுநாள் வெறுங்கையோடு தொடங்கினார் என்று சொல்ல முடியாது.

நிழற்கோடு எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பட்டியலிட்டவை எல்லாம் பிறருக்காகச் செய்தவை. அதையேதான் நானும் சொல்கிறேன்.

கரிக்கோல் எழுதியது:

பிறருக்காகச் செய்யாத ஒன்று இருக்கிறது, நிழற்கோடு அவர்களே. 1950-இல், ஐம்பத்தெட்டு வயதில், அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்புகளில் மாணவியாகச் சேர்ந்தார். பகல் முழுவதும் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, மாலையில் தம்மைவிட வயதில் மிகவும் இளைய ஆசிரியர்களிடம் போய் உட்கார்ந்து பத்தாண்டுக் காலம் கற்றிருக்கிறார். ஜோ சம்மர்ஃபோர்ட், ராபர்ட் கேட்ஸ், ஜேக்கப் கெய்னன் ஆகியோர் அங்கே அவருக்கு வழிகாட்டியவர்கள். சம்மர்ஃபோர்டின் பெயரையே தலைப்பில் தாங்கிய 1952-ஆம் ஆண்டு மேசைப்பொருள் ஓவியம் ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பொருள்களின் உருவம் இன்னும் கலையவில்லை. அந்தப் பத்தாண்டின் முடிவில் வரைந்தவற்றில் உருவம் மறைந்து நிறம் மட்டும் எஞ்சுகிறது. எனவே திருப்பம் நடந்தது ஓய்வுக்குப் பின்னர் அன்று. பணியில் இருந்தபோதே, மாலை வேளைகளில்.

ஈரத்தாள் எழுதியது:

வாழ்க்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். படங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கொஞ்சம் அங்கே போவோம்.

1964-இல் மூட்டுவாதம் அவரைக் கடுமையாகத் தாக்கியது. இனி வரைய முடியாது என்று கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார். அந்நேரத்தில் ஹோவர்டின் ஜேம்ஸ் போர்ட்டர், அவருடைய படைப்புகளைத் தொகுத்து 1966-இல் ஒரு பின்னோக்குக் கண்காட்சி நடத்த முன்வந்தார். பழைய படங்களை மட்டும் மாட்டிவைக்க ஆல்மா தாமஸுக்கு மனமில்லை. இதுவரை தாம் செய்யாத ஒன்றைச் செய்துகாட்ட நினைத்தார். வீட்டின் முன்புறச் சாளரத்துக்கு வெளியே ஒரு ஹோலி (holly) மரம் நின்றது. அதன் இலைகளுக்கிடையே வெளிச்சம் துண்டு துண்டாக உள்ளே விழுவதைப் பார்த்தார்; அதிலிருந்து புதிய முறை பிறந்தது. அவரே பின்னாளில் சொன்ன செய்தி இது. சுமார் அறுபது ஆண்டுகள் அதே வீட்டில் வாழ்ந்தவர் என்பதை நினைத்துப் பார்க்கையில், சாளரம் புதிதல்ல, பார்வைதான் புதிது என்று தோன்றும்.

அந்த முறையின் இயக்கம் எளிமையானது, ஆனால் ஏமாற்றக்கூடியது. வெள்ளைப் பூச்சிட்ட கேன்வாஸில் முதலில் பென்சிலால் வட்டங்களோ செங்குத்துக் கோடுகளோ போட்டுக்கொள்வார். பிறகு அக்ரிலிக் வண்ணத்தை விரல் அளவுத் தீற்றல்களாக, ஒன்றன்பின் ஒன்றாக, அந்தக் கோடுகளை ஒட்டி வைத்துக்கொண்டே போவார். தீற்றலுக்கும் தீற்றலுக்கும் நடுவே வெண்மை எட்டிப்பார்க்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பதிகல் (மொசைக்) ஓவியம்போல் தோன்றும்; கிட்டே போனால் எந்த இரு தீற்றலும் ஒரே அளவில் இல்லை. அந்த ஒழுங்கின்மைதான் படத்தை மூச்சுவிட வைக்கிறது.

அதே வாஷிங்டனில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு மோரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் போன்றோர் வண்ணத்தை நீர்த்துப்போகச் செய்து கேன்வாஸுக்குள் ஊறவிட்டு, கையின் சுவடே தெரியாத படங்களைச் செய்துகொண்டிருந்தனர். விமரிசகர்கள் ஆல்மா தாமஸையும் 'வாஷிங்டன் நிறப் பள்ளி' எனப்படும் அந்த ஓவியர் குழுவில்தான் வைக்கிறார்கள். எனக்கு அது அரைகுறையாகவே படுகிறது. அவர்கள் கையை மறைத்தார்கள். இவர் ஒவ்வொரு அங்குலத்திலும் கையைக் காட்டினார். வலியோடு இயங்கிய கை அது என்பதை அறிந்தபின் அந்தத் தீற்றல்களை வேறு விதமாகப் பார்க்காதிருக்க முடியவில்லை. இப்படிப் பார்ப்பது சரிதானா என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

தோட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பூப்பாத்திகளை விமானத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து வரைந்தவர், அப்பல்லோ பயணங்கள் தொடங்கியதும் விண்வெளியை வரைய ஆரம்பித்தார். அப்பல்லோ 10-இன் நிலவுக் கலத்துக்கு ஸ்னூப்பி என்று பெயர்; அந்தப் பெயரிலேயே அவர் ஒரு வரிசை படங்கள் வரைந்திருக்கிறார். 1970 மார்ச்சில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதே ஆண்டில் வரைந்த 'கிரகணம்' என்ற படத்தில் கருவட்டத்தை நடுவில் வைக்காமல் ஒருபுறம் தள்ளி வைத்திருக்கிறார். குதிரை வண்டிக் காலத்தில் பிறந்தவர் நிலவுப் பயணத்தை வரைந்தார் என்பதில் அவருக்கே பெருமிதம் இருந்தது.

புதுத்தாள் எழுதியது:

குழுமத்துக்குப் புதியவன். தவறாகக் கேட்டால் பொறுத்தருள்க. ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைக்குப் போன அவருடைய படம் ஒன்று பிரெஞ்சு ஓவியர் மத்தீசின் படத்தைப் பார்த்து வரைந்தது என்று படித்தேன். அது உண்மையா?

ஈரத்தாள் எழுதியது:

உண்மைதான், தவறான கேள்வியும் அன்று. 'வாட்டூசி' என்ற அந்தப் படம் 1963-இல் வரையப்பட்டது. அப்போது அமெரிக்காவில் இளைஞர்களிடையே பரவியிருந்த ஒரு நடனத்தின் பெயர் அது. மத்தீஸ் தம் இறுதிக் காலத்தில், 1953-இல், வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிச் செய்த 'நத்தை' என்ற படத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதைத் திருப்பிவைத்து, நிறங்களை மாற்றி, தாளுக்குப் பதில் அக்ரிலிக்கில் வரைந்திருக்கிறார். மத்தீசின் மூலம் ஏறத்தாழ மூன்று மீட்டர்ச் சதுரம். இவருடையது சுமார் நான்கு அடி.

2009-இல் ஒபாமா குடும்பத்தினர் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்திலிருந்து இரவல் பெற்ற இரு படங்களுள் இதுவும் ஒன்று. இணையத்தில் சிலர் இதைத் திருட்டு என்று கிளப்பினர். படம் திருப்பி அனுப்பப்பட்டது. உரிய சுவரில் அது பொருந்தவில்லை என்பதே வெள்ளை மாளிகை தந்த விளக்கம். என் கருத்து இதுதான்: ஓவியம் பயில்பவர் ஒரு மேதையின் அமைப்பை எடுத்துத் தம் நிறத்தில் மறுபடி கட்டிப்பார்ப்பது நெடுங்கால வழக்கம். உலகறிந்த ஒரு படத்தை மறைத்துத் திருட ஒருவரும் முயல மாட்டார்கள். அதேவேளையில், அவருடைய தலைசிறந்த படங்களின் வரிசையில் நான் இதைச் சேர்க்க மாட்டேன். அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்த ஆண்டு அது.

வண்ணப்பெட்டி எழுதியது:

மத்தீசின் கத்தரிக்கோல் என்ன செய்தது என்பதைத் தூரிகையால் சோதித்துப் பார்த்திருக்கிறார். நானும் பிள்ளைகளுக்கு இதே பயிற்சியைக் கொடுப்பதுண்டு: நிறத்தை மாற்று, அமைப்பு என்னவாகிறது என்று பார். எழுபதைக் கடந்தவர் தமக்குத் தாமே அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சியே.

தென்சாளரம் எழுதியது:

ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அறுபதுகளின் வாஷிங்டன் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட 1968-இல் ஆல்மா தாமஸ் கற்பித்த ஷா பகுதியின் தெருக்களே எரிந்தன. இத்தனைக்கும் நடுவில் அவர் பூக்களையும் நிலவையும் வரைந்துகொண்டிருந்தார். மனிதன் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையைக் காட்டிலும் அழகிலும் மகிழ்ச்சியிலும் கருத்தைச் செலுத்தவே நிறத்தைப் பயன்படுத்துவதாக அவரே 1970-இல் சொன்னார். கறுப்பின ஓவியர் என்று தம்மைத் தனியே குறிப்பதையும் அவர் விரும்பவில்லை. தாம் ஓர் ஓவியர், ஓர் அமெரிக்கர் என்றார். அன்றைய இளைய கறுப்பினக் கலைஞர் பலருக்கு இது உவப்பாக இருந்திருக்காது.

இதை நான் குற்றச்சாட்டாக வைக்கவில்லை. 1963-இன் வாஷிங்டன் பேரணியில் தம் தோழியும் பாடகியுமான லில்லியன் எவான்டியோடு கலந்துகொண்டவர் அவர். மறு ஆண்டு அந்தப் பேரணியை வரைந்தும் இருக்கிறார். கூட்டத்தையும் பதாகைகளையும் வண்ணத் திட்டுகளாகக் காட்டும் படம் அது. அந்த வழியில் அவர் தொடரவில்லை, அவ்வளவுதான். ஆனால் விட்னியின் கதவு தானாகத் திறந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1969-இல் உருவான கறுப்பினக் கலைஞர்களின் அவசரக் கூட்டமைப்பு, விட்னியின் வாசலில் மறியல் செய்தும் வாதாடியும் கொடுத்த நெருக்குதலுக்குப் பிறகே அங்கே கறுப்பினக் கலைஞர்களின் தனிக்கண்காட்சிகள் தொடர்ந்தன. படத்தில் சினத்தைக் காட்டாதவர், சினங்கொண்டவர்கள் திறந்துவைத்த வாசல் வழியாக உள்ளே போனார்.

நிழற்கோடு எழுதியது:

தென்சாளரத்தின் கடைசி வாக்கியத்தை ஏற்கிறேன். விட்னி கண்காட்சியின்போது ஆல்மா தாமஸ் சொன்னதும் அதோடு ஒத்துப்போகிறது: கொலம்பஸில் சிறுமியாக இருந்த நாளில் அருங்காட்சியகத்துக்குள் போகவே தங்களுக்கு அனுமதியில்லை, அங்கே படம் மாட்டுவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது, காலம் மாறிவிட்டது என்றார். அதே 1972-இல் வாஷிங்டனின் கோர்க்கரன் கலைக்கூடமும் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. மேயர் வால்ட்டர் வாஷிங்டன் செப்டம்பர் 9-ஐ ஆல்மா தாமஸ் நாள் என்று அறிவித்தார். எண்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஒரே ஆண்டில் எல்லாம் வந்து சேர்ந்தன.

'தின்றுவிட்டது' என்று நான் எழுதியதை இப்போது கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். வண்ணப்பெட்டி அம்மா சொன்னவற்றைப் படித்தபின், பணி தின்றது என்பதைவிட, நிறப் பிரிவினை அவருடைய நேரத்தைத் தின்றது, பணி எஞ்சியதைக் காப்பாற்றியது என்பதே சரியாக இருக்கும். சம்பளமும் ஓய்வூதியமும் இருந்ததால்தான், படம் விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் பிற்காலத்தில் வரைய முடிந்தது. திருமணம் செய்துகொள்ளாததும் ஒரு காரணம் என்று சேர்ப்பவர்கள் உண்டு. ஆண் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதும்போது இந்தக் காரணத்தை ஒருவரும் தேடுவதில்லை.

தொலைநோக்கு எழுதியது:

நான் வாஷிங்டனுக்கு அருகில் வசிப்பவன். இந்த இழையைப் படித்துவிட்டுச் சென்ற ஞாயிறன்று ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தேன். 1976-இல் அவர் வரைந்த 'ராக் அண்ட் ரோல் இசைக்குப் பாடி ஆடும் சிவப்பு அசேலியாப் பூக்கள்' அங்கே இருக்கிறது. மூன்று கேன்வாஸ்களைச் சேர்த்து அமைத்த படம்; ஆறடி உயரம், பதின்மூன்று அடி அகலம். 1974-இல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நெடுநாள் படுத்திருந்தவர், எண்பத்து நான்கு வயதில் செய்தது.

இடப்பக்கத்தில் சிவப்புத் தீற்றல்கள் நெருக்கமாகத் தொடங்குகின்றன. வலப்பக்கம் போகப் போக வெண்மை அகன்றுகொண்டே வருகிறது. தீற்றல்கள் முன்பிருந்த வரிசையை விட்டுவிட்டன. ஆப்பு, பிறை, முக்கோணம் என ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்கிறது. ஈரத்தாள் எழுதிய பென்சில் கோடுகளைத் தேடி மிக அருகே போய், காவலரிடம் ஒருமுறை கண்டிப்பும் வாங்கிக்கொண்டேன். சில தீற்றல்களின் ஓரத்தில் அந்தக் கோடு தெரிகிறது. வண்ணம் அதைத் தாண்டிப் போயிருக்கும் இடங்களும் உண்டு, எட்டாமல் நின்றிருக்கும் இடங்களும் உண்டு.

கரிக்கோல் எழுதியது:

தொலைநோக்கு அவர்களுக்கு நன்றி. வெள்ளை மாளிகை பற்றிப் புதுத்தாள் கேட்டதில் ஒரு பாதி விடுபட்டுவிட்டது. 'வாட்டூசி' திரும்பிப்போனாலும், 1966-இல் அவர் வரைந்த 'உயிர்த்தெழுதல்' 2015-இல் அங்கே பழைய குடும்ப உணவறையில் மாட்டப்பட்டது. நடுவிலிருந்து வளையம் வளையமாக விரியும் அந்தப் படம் இரவல் அன்று. வெள்ளை மாளிகையின் நிரந்தரத் தொகுப்பில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஓவியரின் படைப்பு அது. ஹோலி மரத்தின் வெளிச்சத்தைப் பார்த்த அதே ஆண்டுப் படம் என்பதையும் கவனியுங்கள்.

எழுபது வயது என்ற கணக்கை நிழற்கோடு முழுவதும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் என் பக்கத்தை விடவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று மட்டும் தேறியிருக்கிறது. அவரைப் பற்றி இனி எழுதும்போது 1924-இலிருந்து 1960 வரையிலான ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் தாண்டிச் செல்ல இருவரும் உடன்பட மாட்டோம். கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பக்கத்தில் அவருக்கு ஒரு கட்டுரை தொடங்க எண்ணியிருக்கிறேன். பாவைக்கூத்து, பள்ளிக் கலைக்கூடம் பற்றிய பகுதியை எழுதித் தர வண்ணப்பெட்டி அம்மா இசைந்தால், நிறமுறை பற்றிய பகுதியை ஈரத்தாளிடம் கேட்டுவிடுவேன்.

வண்ணப்பெட்டி எழுதியது:

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் முடியட்டும். விடுமுறையில் எழுதித் தருகிறேன்.